மயில்கழுத்தும் சந்தனமும்

"சோத்து நேரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க யக்கா. ஞாயித்துக்கிழமை கடைக்காரன் அரை நாள்ல பூட்டிட்டுப் போயிருவான். மெஷின்ல கலந்த பெயிண்ட்ட அப்புறம் திருப்பியும் எடுக்கமாட்டான், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு பெயிண்டர் சேவியர் ரோலரை வாளி விளிம்பில் சாய்த்து வைத்தார். பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்துக் கிடந்த ஹால் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு இரண்டு பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் ஈரமாக மின்னின. இடது பக்கம் மயில்கழுத்து, வலது பக்கம் சந்தனம். செண்பகவல்லி இரண்டுக்கும் எதிரே நின்றாள். தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள், கிட்டே போனாள், தள்ளி வந்தாள். பழைய பெட்ஷீட் போர்த்திய சோபாவில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மகன் கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யம்மா, கலர் விஷயத்துல நீ இப்படி முழிச்சு நான் பாத்ததே இல்லியே" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. டவுன் ரத வீதியில் ஜாக்கெட் துணி விற்கிற மேட்சிங் சென்டரில் கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்த பிறகு வெளியே வந்தவள் அவள். சேலையைப் பையிலிருந்து பாதி வெளியே எடுப்பதற்குள் அவள் கை அலமாரிக்குப் போயிருக்கும். அரக்கா, வெங்காயத்தோலா, கத்திரிப்பூவா, மாம்பழ மஞ்சளா, அதில் ஒரு படி கூடுதலா குறைச்சலா என்று யோசிக்கிற வழக்கமே கிடையாது. அவள் எடுத்துப் போட்ட துணியை மாற்றிக் கேட்டவர்கள் அபூர்வம். அப்பேர்ப்பட்டவளுக்கு இன்றைக்கு இரண்டே இரண்டு நிறம், அதில் ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. கண்தான் சுவரில் இருந்தது. புத்தி முழுக்க அவளுக்குப் பின்னால், அடுக்களை வாசலில், நைட்டிமேல் போட்ட தோள்துண்டின் நுனியை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் தாரணியிடம் இருந்தது.

இருக்குமோ. இருக்கும். இருந்தால் எப்படி இருக்கும். சும்மா கிட சவமே என்று மனசை அதட்டினாள், அது கேட்டால்தானே. முந்தாநாள் சாயங்காலம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தபோதே முதல் பொறி தட்டியது. தலை கொள்ளாமல் பூ வைக்கிற பெண், வைத்த கொஞ்ச நேரத்தில் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, "வாடை என்னமோ பண்ணுது அத்தே" என்றாள். பிச்சிப்பூ வாடை யாரை என்ன பண்ணும்? பாளையங்கோட்டையில் இத்தனை பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறார்களே, யாரையாவது ஒன்று பண்ணியதா? சரி, அது ஒன்றென்றால் விட்டுவிடலாம். நேற்று ஜன்னல் ஸ்கிரீனைக் கழற்றவேண்டியிருந்தது. ஸ்டூலில் ஏறுவதென்றால் தாரணிக்கு அப்படி ஒரு இஷ்டம், பரணில் கிடக்கிற பாத்திரம், ஃபேனில் படிந்த ஒட்டடை எல்லாம் அவள் கணக்கு, யாரையும் ஏற விடமாட்டாள். நேற்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள், ஒரு காலைத் தூக்கி வைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, காலை இறக்கிவிட்டு, "ஏங்க, இத நீங்க கொஞ்சம் கழட்டுங்களேன்" என்று நாயகத்தைக் கூப்பிட்டாள். அவன் ஏறிக் கழற்றினான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன தெரியும், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறானே தவிர வீட்டில் நடக்கிற கணக்கு ஒன்றும் புரியாது. செண்பகவல்லிக்கு மட்டும் கையில் வைத்திருந்த ஸ்கிரீன் கொக்கியெல்லாம் தரையில் சிதறிப்போயிற்று. இன்று காலை காபி வேறு. வாய் வரைக்கும் கொண்டுபோனவள் அப்படியே வைத்துவிட்டாள். அவ்வளவுதான், அதிலிருந்து செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. இட்லிக்கு ஊற்றவேண்டிய எண்ணெயைச் சட்னியில் ஊற்றினாள், பல் தேய்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி போய்த் தேய்த்தாள். இப்போதுகூட அவள் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கையைத் தட்டி ஒரு குதி குதித்தால் என்ன என்றுகூட இருந்தது. அறுபதை நெருங்குகிற பொம்பிளை சுவரைப் பார்த்துக் குதித்தால் சேவியர் என்ன நினைப்பார், பெயிண்ட் வாசனை மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைப்பார்.

கேட்டுவிட்டால் முடிந்தது. ஒரே வார்த்தை. நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கேட்கக் கூடாது. போன தடவை, கரு நிலைக்கும் முன்னாலேயே கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாரணி படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். துக்கம் கேட்கிறேன் என்று வந்தவர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கேள்வியை விட்டுவிட்டுப் போனார்கள். என்ன சாப்பிட்டாள், எதைத் தூக்கினாள், பஸ்ஸில் போனாளா, யார் கண்ணு பட்டதோ. அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் இலை போடும் முன்னால் இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவார்கள், ஏதாவது விசேஷம் உண்டா, ஏதாவது விசேஷம் உண்டா. ஒருநாள் அப்படி ஒரு கல்யாணத்திலிருந்து திரும்பிய தாரணி, சேலையைக்கூட மாற்றாமல் செண்பகவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தே, நானா வந்து சொல்லுத வரைக்கும் என்ட்ட யாரும் கேக்கக் கூடாது. உங்க மகன், அவியளும் கேக்கக் கூடாது, நீங்களும் கேக்கக் கூடாது. கேட்டா எனக்கு அந்த நிமிசம் எல்லாம் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து, சத்தியமாக் கேக்கமாட்டேம்மா என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாள் என்றால் சொன்னதுதான், இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் இவள் வாய் என்ன லேசுப்பட்ட வாயா? கடைக்கு வருகிற முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, கல்யாணச் சேலையா, மாப்பிள்ளை எந்த ஊரு, மாமியா எப்படி என்று கேட்டுத் துணி கிழிப்பதற்குள் பாதி ஜாதகத்தை வாங்கிவிடுகிற வாய். அந்த வாயைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாள். மென்று முழுங்கி மென்று முழுங்கி, இந்த மூன்று நாளில் தொண்டையே வலிக்கிற மாதிரி இருந்தது.

சரி, கேட்க வேண்டாம், அவளாகச் சொல்லட்டும், அதுவரைக்கும் பொறுத்தால் போயிற்று. பொறுக்கலாம்தான். ஆனால் இந்த வேலை? மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவர் இடிக்கக் கூடாது, வெள்ளையடிக்கக் கூடாது, வீட்டில் கை வைக்கவே கூடாது என்பது யாருக்குத் தெரியாது? மாசம் தெரிந்த அன்றோடு கொத்தனாரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, குழந்தை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகு மிச்சச் சுவரை எழுப்பின வீடுகள் இந்தத் தெருவிலேயே உண்டு. அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு என்று நாயகம் சொல்வான். இவளும் பாதி நம்பிக்கையும் பாதி நம்பாததுமாகத்தான் இருக்கிறாள், ஆனால் அந்தப் பாதி நம்பிக்கை இருக்கிறதே, அது பொல்லாதது. நேற்று அவன் டிரில்லிங் மெஷினை வைத்துக் கடிகாரத்துக்கு ஓட்டை போட்டானே, கர்ர் என்று, வீடே அதிர்ந்ததே. அப்போது தாரணி எங்கே நின்றாள்? பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பின்கட்டு என்றால் வீட்டுக்குள் சேர்த்தியா, வெளியே சேர்த்தியா? வெளியேதான். ஆமாம், வெளியேதான், மேலே கூரை இல்லையே. அப்பாடா. இப்போது இந்தச் சேவியரை எப்படி நிறுத்துவது? பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை. ஹாலும் சாப்பிடுகிற இடமும்தான் பாக்கி. காரணம் இல்லாமல் நிறுத்து என்று சொன்னால் என்னம்மா உனக்குக் கிறுக்கா என்பான் மகன். காரணம் சொன்னால் கேட்டதாக ஆகிவிடும். தூரத்துச் சொந்தத்தில் யாரோ இறந்துவிட்டார், தீட்டு என்று சொல்லலாமா? சே, நல்லது நடக்கிற நேரத்தில் வாயில் வருகிறதைப் பார். எனக்கு மூச்சு முட்டுகிறது, பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாமா? உடனே நாயகம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அவனுக்கு அம்மா தும்மினாலே பயம். ஒன்றும் ஓடவில்லை. சுவர் மட்டும் எதிரே நின்றது.

இந்த மயில்கழுத்து வேறு சும்மா இருக்கவிடமாட்டேன் என்கிறது. காயக் காய ஆழம் கூடிக்கொண்டே போயிற்று. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பச்சை, நேரே பார்த்தால் நீலம், ரெண்டுமில்லாத ஒன்று நடுவில் ஓடுகிறது. எத்தனை வருஷ ஆசை. குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளைதான், அதுவும் சாய்ந்தால் முதுகில் ஒட்டுகிற வெள்ளை. கறுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் கூட வேலை பார்க்கிற பெண்கள் முதுகைத் தட்டித் தட்டியே பாதிக் காலைப்பொழுதைப் போக்குவார்கள். ஆணி அடிக்காதே, சுவரைத் தொடாதே, ஸ்டிக்கர் ஒட்டாதே, காலி பண்ணும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்சில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவள், மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மயில்கழுத்து நிறத் துணிக்கட்டைப் பிரித்து அலமாரிக் கதவின்மேல் தொங்கப்போட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள். சுவர் முழுக்க இந்த நிறம் இருந்தால், அதற்கு முன்னால் ஒரு பித்தளை விளக்கு இருந்தால் என்று மனசுக்குள் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, ஆள் வந்ததும் துணியைச் சுருட்டி வைத்துவிடுவாள். சொந்த வீடு வந்தது, பூச்சோடும் வெள்ளைச் சிமெண்டோடும் பல வருஷம் நின்றது, இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. நாத்தனார் கேள்விப்பட்டு, "என்ன மைனி, பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குமே, பகல்லயே லைட்டுப் போடணுமே" என்றாள். சேவியர், நம்ம பக்கம் ஹாலுக்கு யாரும் டார்க் அடிக்கமாட்டாங்க யக்கா, எதுக்கும் சந்தனத்தையும் ஒரு பட்டை அடிச்சுக் காட்டுதேன் என்றார். தாரணிதான் அவர்கள் எல்லோரையும் மடக்கினாள். "அத்தே கேட்டதுதான். காலம் பூரா அடுத்தவங்களுக்குக் கலர் பாத்துக் குடுத்தாங்க, இந்த ஒரு வீட்டுக்காவது அவங்க சொல்லட்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்றைக்குச் செண்பகவல்லி சந்தோஷத்தில் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்துபோனாள். அப்படி வாங்கிக் கொடுத்த மயில்கழுத்து இது.

"அப்ப டார்க்குதான யக்கா? எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா ஒண்ணு, டார்க்குன்னா வெள்ளை பிரைமர் மேல ஒரு கோட்டு ரெண்டு கோட்டுல நிக்காது. திட்டுத் திட்டாத் தெரியும். நாலு கோட்டாவது ஓட்டணும், ஒவ்வொண்ணும் காஞ்சு காஞ்சு. அடிச்சு முடிக்க இந்த வாரம் பூரா ஆயிரும்" என்று சேவியர் சொன்னார். செண்பகவல்லி திரும்பினாள். "சந்தனம்னா?" "அது என்ன யக்கா, ரெண்டு கோட்டு. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு, நாளைச் சாயங்காலம் நான் கையக் கழுவிட்டுப் போயிருவேன்." ஒரு வாரம். ஒரு வாரம் முழுக்க இந்த வாடை, அதோடு கதவு ஜன்னலுக்கு அடிக்கப் பின்கட்டில் திறந்து வைத்திருக்கிற தின்னர் வாடை, வீடு முழுக்க ஏணியும் வாளியும். தாரணி தோள்துண்டை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு வாரத்துக்கும் நாளைச் சாயங்காலத்துக்கும் நடுவில் எத்தனை மூச்சு இருக்கிறது. செண்பகவல்லிக்குச் சட்டென்று பழைய கடைப் பழக்கம் கைகொடுத்தது. டியூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்று துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கச் சொல்வாளே, அதையே இப்போதும் எடுத்துவிட்டாள். "தாரணி, அந்த ஷேட் கார்டை எடுத்துட்டு வாசல் கேட்டுப் பக்கம் போயி வெயில்ல பாரும்மா. உள்ள நின்னு பாத்தா ஒண்ணும் வெளங்காது. நல்லா நின்னு நிதானமாப் பாரு, அவசரமில்ல." தாரணி கார்டை எடுத்துக்கொண்டு போகிற போக்கில், "அத்தே, சொல்ல மறந்துட்டேன், காலையில பால் லேசாத் திரிஞ்ச வாடை அடிச்சிச்சு, சாயங்காலம் வேற பாக்கெட் வாங்கிக்கிடுவோம்" என்றாள். செண்பகவல்லிக்கு மனசில் கட்டியதெல்லாம் பொத்தென்று கீழே விழுந்துவிட்டது. பாலா. வெறும் பாலா. அப்படியானால் காபி கணக்கில் வராது. ஸ்டூலும் வராதோ? கால் வலியாக இருந்திருக்குமோ? பிச்சிப்பூகூட வெறும் தலைவலிக்காகத்தானோ? நான்தான் கிறுக்கி மாதிரி ஒன்றோடு ஒன்றை முடிச்சுப்போட்டு, எண்ணெயைச் சட்னியில் ஊற்றிக்கொண்டு, சே. ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தாரணி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஷேட் கார்டு கையில் மூடினபடி இருந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. மார்கழி வெயில் முகத்தில் விழ, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை உள்ளே இழுத்து விட்டாள். பிறகு யாருக்கும் இல்லாமல், எதையும் பார்க்காமல், தனக்கே தனக்கென்று ஒரு சிரிப்பு சிரித்தாள். செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு போதும். பாலும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம், பூவும் வேண்டாம், அந்தச் சிரிப்பு போதும்.

வந்துவிட்டது, வந்துவிட்டது என்று உள்ளே ஒரு குரல் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி கத்தியது, வெளியே அவள் இருமினாள். முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் மறுபடி சுவரிடம் போனாள். இனி என்ன, நாலு கோட்டா ரெண்டு கோட்டா, அவ்வளவுதான் கேள்வி. இந்த மயில்கழுத்தின் முன்னால் ஒரு பித்தளை விளக்கு, என்று மனசு ஆரம்பித்தது, விளக்குக்குப் பக்கத்தில் இதென்ன, ஒரு சின்னக் கை. விளக்கை இழுக்கிறது. எடுடா கையை, சுடும். சுடாது, இன்னும் ஏற்றவில்லை. அந்தக் கையில் ஒரு கலர்ப் பென்சில். சுவரில் ஒரு இழுப்பு. நாயகம் சின்னப் பிள்ளையில் வாடகை வீட்டுச் சுவரில் கரித்துண்டால் ரயில் வரைந்தபோது வீட்டுக்காரம்மா வரும் முன்னால் அழித்துவிடவேண்டுமே என்று ஈரத்துணியும் கையுமாக இவள் பட்ட பாடு. இனி யாருக்குப் பயம், இது சொந்தச் சுவர், ரயில் வரையட்டும், யானை வரையட்டும், வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் ஒரே கோடாக இழுக்கட்டும். ஆனால் மயில்கழுத்தில் பென்சில் கோடு தெரியாதே! செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை காலம் இது தோன்றவே இல்லையே. இந்த ஆழமான நிறத்தில் என்ன கிறுக்கினாலும் முழுங்கிவிடும். சந்தனத்தில்தான் தெரியும். எண்ணெய்க் கை பட்டால் தெரியும், சாக்லேட் கை பட்டால் தெரியும், எவ்வளவு உயரத்துக்குக் கை எட்டுகிறது என்று மாதா மாதம் ஏறுவது தெரியும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இப்படி நினைக்கக் கூடாது. போன தடவையும் இப்படித்தான், தூளிக்கு எந்தச் சேலை என்று யோசித்து முடிப்பதற்குள். வேண்டாம், நினைக்காதே, ஆசைப்பட்டால் போய்விடும், ஆசைப்படாததுபோல் நில். பயம் மறுபடி வந்து உட்கார்ந்தது, ஆனால் சந்தோஷம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆசைப்படாமல் இருக்க என்னால் முடியாது, என்ன செய்ய, நான் அப்படிப் பிறந்த பிறவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மயில்கழுத்தை ஒருமுறை கடைசியாகப் பார்த்தாள். அழகுதான். இருக்கட்டும். ரெண்டு கோட்டு, நாளைச் சாயங்காலத்தோடு முடிந்தது.

"சந்தனம்" என்றாள். நாயகம் போனைக் கீழே போட்டுவிட்டான். "என்னது? யம்மா, நீதான வருசக்கணக்கா மயில்கழுத்து மயில்கழுத்துன்ன? அத்தைட்டல்லாம் சண்டை போட்டியே?" "சண்டை போட்டா என்னல, மனுசருக்கு மனசு மாறக் கூடாதா? சுவத்துல பாத்தாத்தான தெரியுது. இருட்டடிக்கு. பகல்ல லைட்டுப் போடணும், கரண்டு பில்லு நீயா கட்டுவ?" "நான்தான கட்டுதேன்!" "அதனாலதான் சொல்லுதேன்." சேவியருக்கு ஒரே சந்தோஷம், வேலை பாதியாகக் குறைந்த சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "நான் மொதல்லயே சொன்னேம்லா யக்கா, சந்தனம்தான் லட்சணம்" என்றார். இவர் ஒரு ஆள். செண்பகவல்லி வாசலுக்கு வந்தாள். உள்ளே நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. நடக்கும்போதே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கேட்கக் கூடாது. ரெண்டு கோட்டு முடிகிற வரைக்கும், அவளாகச் சொல்கிற வரைக்கும், பொங்கல் தாண்டினாலும் சரி, சித்திரை தாண்டினாலும் சரி.

தாரணி கேட்டருகில் அப்படியே நின்றிருந்தாள். உள்ளே பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. "சந்தனமா அத்தே?" என்றாள். "ஆமாம்மா. இருட்டா இருந்துச்சு." "உங்களுக்கா? உங்களுக்கு இருட்டா இருந்துச்சா?" "வயசாகுதுல்லா, கண்ணு முன்ன மாதிரி இல்ல." தாரணி அவளையே பார்த்தாள். செண்பகவல்லி தெருவைப் பார்த்தாள், எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள், திருட்டு முழி முழிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. "சேவியரண்ணன் ஒரு வாரம்னு சொன்னாவல்லா, அப்ப உங்க முகம் போன போக்க நான் பாத்தேன்" என்றாள் தாரணி. "ஒடனே என்னைய வெயிலுக்கு அனுப்புனிய. மூணு நாளா நீங்க எதயோ முழுங்கிக்கிட்டே திரியிதிய. எண்ணெய எதுல ஊத்துனியன்னும் பாத்தேன்." "நான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றாள் செண்பகவல்லி, பயந்துபோய், சத்தியத்தை மீறிவிட்டோமோ என்ற பயத்தில். "நீங்க கேக்கல. ஊரே கேட்டுச்சு, நீங்க ஒரு நா கேக்கல." தாரணி ஒரு அடி கிட்டே வந்தாள். தோள்துண்டை இழுத்துச் சரிசெய்தபடி, "நானாச் சொல்லணும்னுதான் முந்தாநாள்லேருந்து வாரேன் போறேன், வாய் வர மாட்டேங்கி. சொன்னா போயிருமோன்னு பயமா இருக்கு. நீங்க கேட்டுருங்க அத்தே. கேளுங்க" என்றாள்.

மூன்று நாளாக நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்த வார்த்தை அந்த நேரம் பார்த்து எங்கே போயிற்றோ. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசியே துணி விற்ற வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கல்யாணப் பந்திகளில் ஊர்ப் பெண்கள் கேட்டுக் கேட்டு நைந்துபோன அதே கேள்விதான் கடைசியில் வந்தது, அதுவும் கேட்கிற மாதிரி இல்லாமல், யாரோ தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் சின்னதாக. "விசேஷமாம்மா?" தாரணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியாமல். "அவியட்டக்கூட இன்னும் சொல்லல" என்றாள். "மொதல்ல உங்ககிட்டதான்." செண்பகவல்லி கேட்டுக் கம்பியை ஒரு கையாலும் அவளை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள், சந்தோஷம் தாங்க முடியவில்லை, எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளேயிருந்து நாயகம் சத்தம் போட்டான். "யம்மா, கடைக்காரன் லைன்ல இருக்கான், கடைசியாக் கேக்கேன், கலந்துட்டா மாத்த முடியாது, சந்தனம்தானா?" தாரணி கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி, "சந்தனம்தான்னு சொல்லுங்க! அத்தே சொல்லியாச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.